லாரிக்கு எண்ணெய் மாற்றும் காலமும் இடமும்

நெய்த துணியையும் விளைந்த தேங்காயையும் சந்தை சேர்ப்பது லாரி. அதன் எஞ்சினுக்கு எண்ணெயே உயிர்.

எண்ணெய் கறுத்ததும் மாற்றுவோர் பலர். டீசல் எஞ்சினில் அது விரைவில் கறுப்பது இயல்பு; புகைக்கரியைத் தன்னுள் தாங்குவதே காரணம். ஆகவே நிறத்தை நம்பலாகாது. கையேடு கூறும் கிலோமீட்டர், மாதம் ஆகிய இரண்டில் எது முந்துகிறதோ அதுவே தவணை. சாமளாபுரத்திலிருந்து திருப்பூருக்கும் பல்லடத்துக்கும் பாரமேற்றி, அடிக்கடி நின்று கிளம்பும் வண்டிக்கு நெடுவழி வண்டியினும் முன்னதாக மாற்றுதல் நலம். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது என்று பொருள். உடனே மெக்கானிக்கிடம் காட்டுக.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கையில் வடித்தால் அழுக்கும் உடன் இறங்கும். வடிகட்டியையும் மாற்றுக. புதிய எண்ணெய் அளவுகோலின் மேற்கோட்டைத் தாண்டலாகாது.

நொய்யல் கரையிலும் குளக்கரையிலும் இவ்வேலை கூடவே கூடாது. சிந்திய எண்ணெய் மழைநீரோடு குளத்தையும் கிணற்றையும் அடையும். மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி பழைய எண்ணெய் அபாயகரமான கழிவாகும். அதனை டின்னில் பிடித்து மூடி, அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் சேர்ப்பிக்க வேண்டும். சாயக்கழிவால் நொய்யல் பட்ட பாடு போதும்; நமது லாரியாலும் அதற்குத் தீங்கு வேண்டா.