தோப்புக் குடிலும் ஆற்றுப்படையும்

சென்ற விடுமுறையில் யானும் என் நண்பர் மூவரும் புதுச்சேரியைச் சார்ந்த பாகூர்க் கொம்யூனில், தென்னந்தோப்பு ஒன்றிலுள்ள கீற்றுக் குடிலை இரண்டு நாள் வாடகைக்கு அமர்த்தித் தங்கினோம். பாகூர் மாணாக்கர்க்குப் புதிய ஊரன்று. வித்தியாஸ்தானம் எனப்பட்ட இவ்வூர்க் கல்விநிலையத்திற்கு, ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் என்னும் பல்லவ வேந்தன் மூன்று ஊர்களை அளித்த செய்தியைப் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. யாங்கள் சென்றதோ கல்வி கருதியன்று, ஏரிக்காற்று வாங்கவே. எனினும் பாடம் எங்களை விட்டபாடில்லை.

பாயில் மல்லாந்து கிடப்பார்க்குக் கூரையே ஏடாகும். தென்னையோலையை நடுமட்டையோடு இரண்டாகப் பிளந்து, நீரில் ஊறவைத்து முடைந்தெடுப்பதே கீற்று. பனங்கைகளின்மேல் மூங்கில் வரிச்சுகளைப் பிணித்து, இறவாணத்தில் தொடங்கி முகடு நோக்கி, மேற்கீற்று கீழ்க்கீற்றின் தலையை மூடுமாறு அடுக்கிக்கொண்டே செல்வர்; ஆதலின் மழைநீர் உட்புகாது வழிந்தோடும். நாங்கள் தங்கிய குடிலில் ஆணி ஒன்றேனும் காணோம். அனைத்தும் கயிற்றுக் கட்டே. நண்பகல் வெயிலிலும் உள்ளே தண்மை நிலவிற்று. ஓலையடுக்குகளின் இடையே தங்கும் காற்று வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. காரைத் தளம்போலப் பகல் வெப்பத்தைச் சேர்த்துவைத்து இரவில் உமிழ்தலும் ஓலைக்கு இல்லை. நள்ளிரவில் நண்பரொருவர்மேல் பல்லி விழுந்த வரலாற்றை ஈண்டு விரித்தால் அவர் சினப்பார், விடுக.

கூரையைக் காணக் காணப் பெரும்பாணாற்றுப்படை நினைவிற்கு வந்தது. தொண்டைமான் இளந்திரையன்பாற் செல்லும் பாணனுக்கு வழிகூறும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், இடையே அவன் காணும் மனைகளுட் சிலவற்றைக் கூரையாலேயே அடையாளங் காட்டுகின்றார். எயினர் குடிலுக்கு ஈந்தின் இலை. அது முள்ளம்பன்றியின் முதுகுபோல் தோன்றுமாம். தோப்பு உழவரின் தனிமனைக்கோ உலர்ந்த தென்னமடல்! அம்மனையில் தங்கும் பாணன் பலாவும் இளநீரும் வாழைக்கனியும் நுங்கும் பெறுகின்றான், விலை பேசப்படவில்லை. யாங்கள் முன்பணம் செலுத்திய பின்னரே இளநீரைக் கண்ணாற் கண்டோம்.

தோப்புக்குரிய முதியவர் அக்குடிலில் உறங்குவதில்லை. தோப்பின் கோடியில் அவர்க்குத் தளமிட்ட வீடு உளது. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் கரை கடந்தபோது, அவர்தம் பழைய கூரைவீடு முற்றும் பறந்துபோயிற்று. “அன்று விடியற்காலையில் பேரப்பிள்ளையைக் கட்டிலுக்கு அடியில் கிடத்தினேன், தம்பி. நாங்கள் பயந்து விட்டுவந்த கூரைக்கு நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள்” என்று நகைத்தார். கூரையின் அழகை வியந்துகொண்டிருந்த எங்கள் நா அடங்கிற்று.

இஸ்ரவேலர் ஆண்டுதோறும் ஏழு நாள் கூடாரங்களில் குடியிருக்கவேண்டுமென்று லேவியராகமம் 23-ஆம் அதிகாரம் விதிக்கின்றது. அங்கும் பேரீச்ச ஓலை வருகின்றது. அது களிப்பின் விழாவேயாயினும், முன்னோர் அங்ஙனம் குடியிருந்தமையைப் பின்னோர் அறிதற்பொருட்டே விதிக்கப்பட்டது. ஆற்றுப்படையைத் தேர்வுக்குப் படித்தபோது, பாணனை உண்பித்த உழவன் மழைக்காலத்தில் அம்மடலின்கீழ் எங்ஙனம் உறங்கினான் என்று யான் வினவியதேயில்லை.

இரண்டாம் இரவு வானம் இருண்டு இடித்தது. முதியவர் கைவிளக்குடன் வந்து, “மழை வலுத்தால் ஓடிவந்துவிடுங்கள். கூடத்தில் நான்கு பேருக்கும் பாய் விரித்திருக்கிறது; கதவைத் தாழிடவில்லை” என்றார். வாடகைச் சீட்டில் அதற்குத் தொகை ஏதும் குறிக்கப்படவில்லை.