பழைய மடிக்கணினிக்கு எந்தப் பதிப்பு? செமினி வீடுகளுக்குச் சில குறிப்புகள்

விண்டோஸ் 10க்கான வழக்கமான பராமரிப்பு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகள் இல்லாமல், நன்றாக ஓடும் மடிக்கணினிகள் செமினியிலும் காஜாங்கிலும் அலமாரிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றை எறிய வேண்டாம். லினக்ஸ், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரெ ஆஃபிஸ் போன்ற திறந்த மூல மென்பொருள்களோடு அவை இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். பதிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது அது எவ்வளவு புதியது என்று பார்க்காதீர்கள். உங்கள் இயந்திரத்துக்கு எந்த ஆண்டு வரை திருத்தங்கள் வரும் என்று பாருங்கள்.

1. முதலில் இயந்திரம் 32 பிட்டா, 64 பிட்டா என்று தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸ் அமைப்புகளில் ‘சிஸ்டம்’, அதற்குள் ‘அபவுட்’ பகுதியில் ‘சிஸ்டம் டைப்’ என்ற வரியைப் படியுங்கள். அதில் இரண்டு விவரங்கள் இருக்கும். இயங்குதளம் 32 பிட் என்று இருந்தாலும், செயலி ‘எக்ஸ்64’ என்று இருந்தால் 64 பிட் லினக்ஸ் தாராளமாக ஓடும். இதைக் கவனிக்காமல் நல்ல கணினியை ஒதுக்கிவிடுகிறவர்கள் நிறைய. செமினியில் உள்ள நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக வளாகத்தில் படிப்பு முடித்துப் போகும் மாணவரிடம் பழைய மடிக்கணினி வாங்குவதானால், காசு கொடுக்கும் முன் இந்த வரியைப் பார்த்துவிடுங்கள்.

2. லினக்ஸ் வகைகளில் உபுண்டு போடுவதானால் நீண்டகாலப் பராமரிப்புப் பதிப்பையே, அதாவது எல்டிஎஸ் பதிப்பையே போடுங்கள். ஏப்ரலிலும் அக்டோபரிலும் புதிய உபுண்டு வரும். இடைப்பட்ட பதிப்புகளுக்கு 9 மாதம்தான் திருத்தங்கள் கிடைக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஏப்ரலில் வரும் எல்டிஎஸ் பதிப்புக்கு 5 ஆண்டுகள். 24.04 பதிப்பு 2029 வரை தாங்கும். தேதி தவறாத இந்தத் திட்டம் ஒரே ஒரு முறை தள்ளிப்போனது. 2006இல் முதல் எல்டிஎஸ் பதிப்பை இன்னும் மெருகேற்ற வேண்டும் என்று ஏப்ரலிலிருந்து ஜூனுக்குத் தள்ளினார்கள். உபுண்டுவின் எண் ஆண்டையும் மாதத்தையும் குறிப்பது; அந்தப் பதிப்பின் எண் 6.06 என்று இருப்பதற்கு இந்தத் தள்ளிவைப்புதான் காரணம். பல ஆண்டு நிற்க வேண்டிய ஒன்றுக்காக இரண்டு மாதம் பொறுத்தது சரியான முடிவு. நீங்களும் பொறுங்கள்: ஒரு எல்டிஎஸ் பதிப்பிலிருந்து அடுத்ததற்கு மாறுவதை, ஏப்ரலிலேயே செய்யாமல், சில மாதம் கழித்து முதல் திருத்தப் பதிப்பு வந்த பிறகு செய்யுங்கள்.

3. செயலியே 32 பிட் என்றால் வழி குறுகுகிறது. இன்னொரு லினக்ஸ் வகையான டெபியனின் குழுவினர் நாள் குறித்து வெளியிடுவதில்லை, தயாரானதும் வெளியிடுவார்கள். பழைய இயந்திரங்களை நெடுங்காலம் தாங்கியவர்களும் அவர்களே. அவர்களும் 2025 ஆகஸ்டு 9இல் வந்த டெபியன் 13இல் 32 பிட் பிசிக்கான நிறுவியை விட்டுவிட்டார்கள். ஆகவே டெபியன் 12ஐப் போடுங்கள். அதன் நீண்டகாலப் பராமரிப்பு 2028 ஜூன் வரை. இதை வன்மம் என்று எண்ண வேண்டாம். ஆதரிக்கும் ஒவ்வொரு வகை இயந்திரத்துக்கும், வெளியீடுதோறும் எல்லா மென்பொருளையும் கட்டி, ஓட்டிப் பார்க்க வேண்டும். பழைய வகையில் ஒரு பிழை நின்றாலும் எல்லாருக்கும் தாமதம். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை எழுதியதே 386 கணினியில்; அந்த 386க்கான ஆதரவை லினக்ஸின் 3.8 பதிப்பில் அதை உருவாக்குபவர்களே நீக்கினார்கள். உங்கள் 32 பிட் கணினியை எழுத, பாட்டுக் கேட்க, அச்செடுக்க வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கை அதில் திறக்காதீர்கள்.

4. பராமரிப்பு முடியும் மாதத்தையும் ஆண்டையும் ஒரு தாளில் எழுதி, முன்பு காரில் ரோட் டாக்ஸ் ஒட்டியதுபோல மடிக்கணினி மூடியின் உட்புறத்தில் ஒட்டுங்கள்.

5. விண்டோஸ் 7ஐ விட முடியாத நிலையா? ஃபயர்ஃபாக்ஸின் 115 இஎஸ்ஆர் பதிப்புதான் அதற்குக் கடைசி. 2024 செப்டம்பரோடு நிறுத்துவதாக இருந்தவர்கள், பழைய விண்டோஸில் இன்னும் பலர் இருப்பதைப் பார்த்துப் பலமுறை நீட்டித்தார்கள். அந்த நீட்டிப்பை நம்பியே இருந்துவிடாதீர்கள். படம் பார்க்க மட்டும் என்றால் விஎல்சி 3 விண்டோஸ் எக்ஸ்பியில்கூட ஓடும்.

6. லிப்ரெ ஆஃபிஸின் எண்ணே அதன் வயதைச் சொல்லிவிடும்: 25.8 என்றால் 2025 ஆகஸ்டு. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் புதியது வரும். பிள்ளைகளின் பள்ளிப் பணிக்கு, வந்த வாரமே மாறாமல் 25.8.3, 25.8.4 என மூன்றாம் எண் வளரும் வரை காத்திருங்கள். விண்டோஸ் 7, 8 இரண்டையும் 25.8 ஏற்காது.

7. நிறுவும் முன் 8 ஜிபி பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, வன்தட்டைத் தொடாமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி, தமிழ்த் தட்டச்சு நான்கையும் சோதியுங்கள். முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலில் எழுதிப் பழகிய கைகள் நம் ஊரில் அதிகம். லினக்ஸின் ஐபஸ் வசதியில் தமிழ்99, ஒலிப்புமுறை விசைப்பலகைகள் கிடைக்கும், ஆனால் எல்லா விசையும் அதே இடத்தில் இருக்காது. தட்டச்சு செய்பவர் அம்மாவோ தாத்தாவோ என்றால் அவரையே உட்கார வைத்துப் பாருங்கள். டிஸ்கி போன்ற பழைய குறியாக்கத்தில் உள்ள கட்டுரைகளை விண்டோஸ் இருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

8. பதிப்பு மாற்றும் வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். உலு லங்காட் பக்கம் இடி மின்னல் பெரும்பாலும் பிற்பகலில்தான். பழைய மடிக்கணினியின் பேட்டரி செத்திருக்கும். பாதியில் மின்சாரம் போனால் கணினி திறக்காமலே போகலாம். கோப்புகளை அதற்கு முன்பே வெளி வன்தட்டில் நகலெடுத்திருக்க வேண்டும்.

9. டெபியன் நிறுவும்போது, நீங்கள் பயன்படுத்தும் தொகுப்புகளின் பட்டியலைப் பெயரின்றி அனுப்பலாமா என்று ஒரு கேள்வி வரும். ‘வேண்டாம்’ என்பதே முன்கூட்டித் தேர்ந்திருக்கும். அதை ‘ஆம்’ என்று மாற்றுங்கள். எந்த வகை இயந்திரத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்கு அப்படித்தான் தெரிகிறது. பிழை கண்டால் கணினியின் மாதிரியையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். லிப்ரெ ஆஃபிஸ் மெனுக்களில் தமிழ் விடுபட்டிருந்தால் மொழிபெயர்க்கவும் உங்களால் முடியும். ஆனால் வெளியீட்டுக்குச் சில வாரம் முன்பே மூல ஆங்கிலச் சொற்களைப் பூட்டிவிடுவார்கள், அதன் பிறகு மொழிபெயர்க்க மிஞ்சும் நாள் குறைவு. ஆகஸ்டுப் பதிப்பில் உங்கள் தமிழ் வர வேண்டுமானால் மே மாதத்திலேயே உட்காருங்கள்.