ஆறாம் ஆண்டு முடிந்ததும் அந்தப் பிள்ளை எங்கே போனான்?



இந்த மாதப் பாடத்தைத் தொடங்குமுன் ஒரு வேலை. உங்கள் தோட்டத்துக் கோயிலில் கடைசியாக நடந்த திருவிழாவைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மேடையில் தேவாரம் பாடியது யார்? கோலாட்டம் ஆடியது யார்? மைக்கைப் பிடித்துப் பயமில்லாமல் பேசியது யார்? பெரும்பாலும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள்தான், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள். சரி, பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் அன்றைக்கு எங்கே இருந்தார்கள்? பந்தலுக்குப் பின்னால் மோட்டார்சைக்கிள் மேல் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு அதே மேடையில் கைத்தட்டல் வாங்கியவர்கள் அவர்களும்தான்.

இந்த இரண்டு வருடத்தில் என்ன நடக்கிறது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஜாசின் மாவட்டத்தில் செம்பனையும் ரப்பரும் சூழ்ந்த சின்ன ஊர் நம் செலண்டார். மலாக்கா மாநிலம் முழுவதற்கும் 21 தமிழ்ப்பள்ளிகள். பல பள்ளிகள் இன்னும் தோட்டத்துப் பெயரைத்தான் தாங்கி நிற்கின்றன. பிள்ளைகளும் அதிகம் இல்லை. பிள்ளைகள் குறைவு என்றதும் நாம் கவலைப்படுகிறோம். கவலை நியாயமானதுதான். ஆனால் சின்னப் பள்ளிக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது, அதை நாம் கவனிப்பதில்லை.

சின்னப் பள்ளியில் "எனக்கு வராது சார்" என்று ஒதுங்க முடியாது. அஞ்சல் ஓட்டத்துக்கு நான்கு பேர் வேண்டும். வகுப்பில் இருப்பதே ஆறு பையன்கள். செந்தமிழ் விழாவுக்குக் கவிதை ஒப்புவிக்க ஒருவர் வேண்டும், கதை சொல்ல ஒருவர் வேண்டும். மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவுக்கு ஆள் வேண்டும். அறிவியல் விழாவுக்கு ஒரு குழு வேண்டும். காலையில் சபை கூடலில் பதிகம் பாடிய பிள்ளையே மாலையில் பச்சை இல்லத்துக்காக ஓடுவாள், மறுநாள் அறிவியல் கண்காட்சியில் எலுமிச்சம்பழத்தில் விளக்கு எரிய வைப்பாள். திறமை இருக்கிறதா என்று யாரும் பரிசோதித்துப் பார்த்து அவளைச் சேர்க்கவில்லை. "ஆள் பத்தலம்மா, நீயும் வா" என்று ஆசிரியை கூப்பிட்டார். போனாள். போனபிறகுதான் அவளுக்கு வந்தது.

ஆறாம் ஆண்டு முடிகிறது. இடைநிலைப்பள்ளியில் ஆயிரம் பேர். அங்கே ஆள் பத்தாது என்ற பேச்சே கிடையாது. நேற்றுவரை எல்லாவற்றுக்கும் தேவைப்பட்ட பிள்ளை, இன்று ஒன்றுக்கும் தேவைப்படாத பிள்ளை. அதன்மேல், நம்மில் பலருக்கு இன்னொரு படியும் உண்டு: புகுமுக வகுப்பு.

பெரியவர்கள் அதை 'ரிமூவ்' என்பார்கள், பிள்ளைகள் 'பெராலிஹான்' என்பார்கள். அது எப்படி வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மலாயாவில் 1923ஆம் ஆண்டில் வந்த தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்கவேண்டும் என்றது. பள்ளிகள் வந்தன. ஆனால் அவை தொடக்கப்பள்ளியோடு நின்றன. மேலே படிக்க ஆங்கிலப் பள்ளிக்குத்தான் போகவேண்டும். தமிழில் படித்த பிள்ளை ஆங்கிலத்தில் பாடம் கேட்கத் தயாராக ஒரு வருடம் கொடுத்தார்கள். 1970இல் முதலாம் வகுப்பில் தொடங்கி ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்க்கு மாறின. 1976இல் முதல் படிவம் மாறியது. அதன்பிறகு அந்த ஒரு வருடம் மலாய்மொழிக்கான ஆயத்த வருடம் ஆயிற்று. 1988இலிருந்து யுபிஎஸ்ஆர் மலாய்த் தாள் முடிவைப் பார்த்து அனுப்பினார்கள். 2021இல் யுபிஎஸ்ஆர் ரத்தானது. இப்போது வகுப்பறை மதிப்பீட்டில் மலாய்மொழி அடைவுநிலையைப் பார்க்கிறார்கள். ஆக, இது தோற்றவர்களை ஒதுக்கி வைக்கும் வகுப்பு அல்ல. ஆயத்த வகுப்பு. தேசியப் பள்ளியைவிட நம் பள்ளியில் மலாய்க்கு நேரம் குறைவு, அந்தக் குறையை நிரப்பத்தான் இந்த வருடம்.

நானும் ரிமூவ் படித்தவன்தான். அதைச் சொல்ல எனக்கு வெகுநாள் கூச்சமாக இருந்தது.

தமிழ்ப்பள்ளியில் நான் 200 மீட்டர் ஓடியவன், நாடகத்தில் நடித்தவன். புகுமுக வகுப்புக்குப் போன வாரமே வீட்டில் ஒரு தீர்மானம் போட்டார்கள். பெரியப்பா சொன்னார்: "ஓடுனது ஆடுனது எல்லாம் போதும்டா. மலாய் வரலன்னுதானே அங்க போட்டிருக்கான். மொதல்ல அதப் படி. மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்." அக்கறையில் சொன்னதுதான். இன்றைக்கும் நூறு வீட்டில் இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இது தப்பான கணக்கு என்று நான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

அந்த வகுப்பில் இருப்பவர்கள் யார்? என்னைப்போலவே மலாய் சரியாக வராத தமிழ்ப்பிள்ளைகளும் சீனப்பிள்ளைகளும். ஆசிரியர் வெளியே போனதும் நாங்கள் தமிழில் பேசுவோம், அவர்கள் சீனத்தில் பேசுவார்கள். நாள் முழுக்க வகுப்புக்குள்ளேயே இருந்தால் மலாய் யாரிடம் பேசுவது? பாதி வருடம் எனக்கு அப்படித்தான் போயிற்று. பிறகு ஒருநாள் காற்பந்துக் குழுவில் ஒருவனுக்குக் கால் சுளுக்கி, என்னைக் கூப்பிட்டார்கள். திடலில் எல்லாம் மலாய்தான். "சினி, சினி!" என்று பந்து கேட்பான். "ஜாகா பெலாக்காங்!" என்று கத்துவான், பின்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளாவிட்டால் கோல் விழும். அகராதி பார்க்க நேரமில்லை. ஆட்டம் முடிந்து தண்ணீர் குடிக்கும்போது பேசுகிறார்கள், வீட்டைப் பற்றி, ஆசிரியரைப் பற்றி, நாசி லெமாக் எங்கே நன்றாக இருக்கும் என்பது பற்றி. மூன்றே மாதம். நான் எழுதி ஆசிரியர் வகுப்பில் வாசித்துக் காட்டிய முதல் கராங்கான், அந்தக் காற்பந்து ஆட்டத்தைப் பற்றியது. எழுத விஷயம் இருந்தது, அதனால் சொல்லும் வந்தது. டியூஷன் வேண்டாம் என்று சொல்லவில்லை. திடலை விட்டுவிட்டு டியூஷன் வேண்டாம் என்கிறேன்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பெற்றோர் பலருக்கு இது தெரியாது. பள்ளி விளையாட்டு மன்றத்தின் திடல்தடப் போட்டிகள் படிவத்தைப் பார்த்து நடப்பதில்லை, வயதைப் பார்த்து நடக்கின்றன: 12, 15, 18 வயதுக்கு உட்பட்டோர். புகுமுக வகுப்புப் பிள்ளைக்குப் பதின்மூன்று வயது. 15 வயதுப் பிரிவில் அவனுக்குக் கிடைப்பது மூன்று வருடம்: புகுமுக வகுப்பு, முதல் படிவம், இரண்டாம் படிவம். மூன்றாம் படிவத்தில் அவனுக்குப் பதினாறு, பெரிய பையன்களோடு ஓடவேண்டும். "இந்த வருஷம் வேணாம், ஃபோர்ம் ஒன்னுல ஓடிக்கலாம்" என்றால், மூன்று வருடத்தில் ஒரு வருடத்தை நாமே பிடுங்கிக்கொள்கிறோம்.

படிப்பும் ஓட்டமும் ஒன்றாகப் போகாது என்று யாராவது சொன்னால் டாக்டர் எம். ஜெகதீசனைச் சொல்லுங்கள். 1960 ரோம், 1964 தோக்கியோ, 1968 மெக்சிகோ என மூன்று ஒலிம்பிக்கில் ஓடியவர்; 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வாங்கியவர்; மருத்துவரும் ஆனவர். மெக்சிகோவில் 200 மீட்டரை அவர் 20.92 விநாடியில் ஓடிய தேசியச் சாதனை 49 வருடம் நின்றது. 2017இல் அதை 20.90 விநாடியில் முறியடித்த கைருல் ஹாஃபிஸ் ஜந்தான் யார் தெரியுமா? நம் மலாக்காப் பையன்.

பெண்பிள்ளைகளின் கதை இதைவிடக் கஷ்டம். மஞ்சள் நீராட்டு முடிந்ததும் ஓட்டம், ஆட்டம், சில வீடுகளில் பாட்டுகூட நின்றுவிடுகிறது. "வயசுக்கு வந்த பொண்ணு சாயங்காலம் திடல்ல என்ன வேலை?" என்று கேட்கிறார்கள். எம். ராஜமணியும் ஒரு வீட்டின் பெண்பிள்ளைதான். 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 1966இல் நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருது பெற்றார். அறுபது வருடத்துக்கு முன்பு ஒரு குடும்பம் விட்ட பிள்ளையை இன்று நாம் ஏன் பிடித்து வைக்கிறோம்? இதைக் கிளைக் கூட்டத்தில் பையன்கள் முதலில் பேசட்டும். தங்கைகளைத் தடுப்பதில் அண்ணன்மார்களுக்கும் பங்கு உண்டு.

உருமி மேளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேடையிலிருந்து காணாமற்போன பல தம்பிகள் உருமி மேளக் குழுவில் இருக்கிறார்கள். சிலர் முகம் சுளிக்கிறார்கள், நான் சுளிக்கமாட்டேன். இடைநிலைப்பள்ளி கூப்பிடாத பிள்ளையை அங்கே ஓர் அண்ணன் "ஆள் பத்தல, வாடா" என்று கூப்பிட்டார், அவ்வளவுதான். அந்த அண்ணனிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளவேண்டும். பரீட்சை வாரத்தில் இரவு பன்னிரண்டு மணிவரை ஒத்திகை வைக்காமல் இருக்க அந்த அண்ணனும் நம்மிடமிருந்து கற்றுக்கொள்ளட்டும்.

இனி வேலைக்கு வருவோம். பிள்ளைகள் புறப்பாடத்துக்குப் போகாததற்கு மனம் இல்லாதது மட்டும் காரணமல்ல. பஸ்ஸும் ஒரு காரணம். பல பள்ளிகளில் புதன்கிழமை மதியத்துக்குமேல் புறப்பாட நடவடிக்கை. தோட்டத்துக்குப் போகும் பள்ளி பஸ்ஸோ வகுப்பு முடிந்ததும் கிளம்பிவிடும். தங்கினால் திரும்ப வழியில்லை. அப்பா அம்மா வேலையில். அதனால் பிள்ளை பஸ் ஏறிவிடுகிறது, வருகைப் பதிவில் ஒரு கோடு விழுகிறது. பிற்காலத்தில் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு மனுப்போடும்போது 100 மதிப்பெண்ணில் 10 புறப்பாடத்துக்கு. அந்தப் பத்தில் எத்தனையை அந்தப் புதன்கிழமை பஸ் கொண்டுபோயிற்று என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. கிளையில் வேன் வைத்திருப்பவர், வேலைநேரம் மாறிமாறி வருபவர் யாராவது இருப்பார். வாரம் ஒரு நாள். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பெட்ரோல் காசைப் பகிர்ந்துகொண்டு செய்யலாம். சொற்பொழிவு வைப்பதைவிட இது பெரிய தொண்டு என்பது என் கருத்து.

அடுத்தது தமிழ் வகுப்பு. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி ஒரு பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ்மொழி வகுப்புக்கு ஏற்பாடு செய்யவேண்டும். கேட்கவேண்டும் என்பதுதான் முக்கியம். நம் பக்கத்துப் பிள்ளைகள் ஒரே பள்ளிக்குப் போவதில்லை. ஒரு பள்ளியில் ஒன்பது பேர், இன்னொன்றில் ஏழு பேர் என்று சிதறினால் இரண்டு இடத்திலும் எண்ணிக்கை வராது. ஆறாம் ஆண்டு முடியுமுன்பே பெற்றோரை உட்காரவைத்து, யார் எந்தப் பள்ளி என்று பேசினால் பதினாறு பேரையும் ஓரிடத்தில் சேர்க்க வழி பார்க்கலாம். தமிழ் வகுப்பு இருக்கிற பள்ளியில்தான் பிறகு பேச்சுப் போட்டிக்கும் கவிதைக்கும் ஆள் தேடும் ஓர் ஆசிரியர் இருப்பார். புகுமுக வகுப்புப் பிள்ளைகளையும் அந்த எண்ணிக்கையில் மறக்காமல் கேளுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு தாள் கொண்டுவாருங்கள். உங்கள் வரிசையில், உங்கள் தாமானில், இந்த வருடம் ஆறாம் ஆண்டில் இருக்கும் பிள்ளைகள், புகுமுக வகுப்பில் இருக்கும் பிள்ளைகள், முதல் படிவப் பிள்ளைகள். பெயருக்கு எதிரே மூன்று விஷயம்: தமிழ்ப்பள்ளியில் என்ன செய்தான், இப்போது என்ன செய்கிறான், புதன்கிழமை எப்படி வீட்டுக்கு வருகிறான். மூன்றாவது கேள்வியை அம்மாவிடம் கேளுங்கள். பிள்ளையிடம் கேட்டால் "தெரியலண்ணே" என்றுதான் சொல்வான். திருவிழா நிகழ்ச்சி நிரல் போடும் அண்ணன்மார் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று அரைமணி நேரம் ஒதுக்கி வையுங்கள். ஆள் பத்தாது. நீங்கள்தான் கூப்பிடவேண்டும்.