ஆய்வேட்டில் மாணவர் முகம்

பல்கலைக்கழகத்தில் எழுதப்பெறும் ஒவ்வொரு கட்டுரையும் பாடப்பொருளை மட்டும் உரைப்பதன்று. எழுதியவர் யார் என்பதையும் உரைக்கின்றது. ரோஸ் இவானிச் என்னும் மொழியியல் அறிஞர் 1998இல் வெளியிட்ட ‘எழுத்தும் அடையாளமும்’ என்னும் ஆங்கில நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். வயது முதிர்ந்தபின் பிரிட்டனில் பல்கலைக்கழகம் புகுந்த மாணவர்களின் எழுத்துகளே அவர் கொண்ட சான்றுகள். எழுதுபவர் தம் வாழ்வினின்று கொண்டுவரும் தன்மை ஒன்று. அவர்தம் நடை படிப்பவர்க்குக் காட்டும் தன்மை மற்றொன்று. தம் கருத்துக்குத் தாமே பொறுப்பேற்று நிற்கும் தன்மை வேறொன்று என அவர் பகுத்துக் காட்டுகின்றார்.

இவை இணங்காதபோது மாணவர் இடர்ப்படுகின்றார். கடற்கரைச் சிற்றூரிலிருந்து வந்து, தம் ஊர்த் தாலாட்டுகளை ஆராயும் மாணவி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அப்பாடல்களை அவரளவுக்கு அறிந்தவர் வகுப்பில் எவருமிலர். ஆயினும், எழுத அமர்ந்ததும் ‘என் சொல் ஆய்வுக்கு ஏற்றதாகுமா?’ என்னும் அச்சம் எழுகின்றது. அவ்வச்சம் பிறர் நூலின் பத்திகளை அப்படியே பெயர்த்தெழுதச் செய்கின்றது. ஏடு நிறைகின்றது, எழுதியவரைக் காணோம்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் இதற்குத் தண்டனை வகுத்துள்ளன. பிறர் எழுத்தோடு ஒத்த பகுதி 10 விழுக்காட்டைக் கடந்து 40 வரை இருப்பின், 6 திங்களுக்குள் ஆய்வேட்டைத் திருத்தி அளித்தல் வேண்டும். 60 விழுக்காட்டைக் கடந்தால் ஆய்வுப் பதிவே நீக்கப்படும். தண்டனைக்கு அஞ்சிச் சொற்களை மட்டும் மாற்றுவதாற் பயனில்லை. கணினியிடம் எழுதி வாங்குவதும் அத்தகையதே. விழுக்காடு குறையலாம், முகம் தோன்றாது.

நம் இலக்கண மரபு இதற்கு நல்வழி காட்டியுள்ளது. நன்னூற் பாயிரத்தில் பவணந்தியார், நூலாசிரியர் கொள்ளும் மதங்கள் ஏழு என்றார். மதம் என்பது ஈண்டுக் கொள்கை. பிறர் கொள்கைக்கு உடன்படுதல், மறுத்தல், ஏற்றுப் பின் விலக்குதல், இருவர் மாறுபடுமிடத்து ஒன்றைத் துணிதல், தாமே ஒன்றை நாட்டி நிலைநிறுத்துதல் ஆகியன அவற்றுட் சில. பிறர் கருத்தை அறியாமல் உடன்படவோ மறுக்கவோ இயலாது. தமக்கெனக் கருத்து இல்லாமலும் இயலாது.

ஆகவே, அம்மாணவி செய்யத்தக்கது இதுவே. அறிஞர் கூற்றை அவர் பெயரோடு தருக. அடுத்து, ‘இக்கருத்து இவ்வூர்ப் பாடலுக்குப் பொருந்துகின்றது’ என்றோ, ‘பொருந்தவில்லை’ என்றோ எழுதிக் காரணம் காட்டுக. ‘நான்’ என்பதா, ‘ஆய்வாளர்’ என்பதா என்பது துறையின் மரபைப் பொறுத்தது. எவ்வாறு எழுதினும், காரணத்தோடு துணிந்த அத்தொடரில் அவர் முகம் தெரியும்.

ஆசிரியராகிய நமக்கும் இதிற் கடமையுண்டு. ஏட்டைத் திருத்துங்கால் ஒற்றுப்பிழையை மட்டும் நோக்காது, ‘இதில் உம் கருத்து யாது?’ என்றும் ஓரத்தில் எழுதுவோமாக. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி காணும் மாணவர்க்கு, தம் சொல்லையும் கேட்பார் உளர் என்னும் துணிவை அவ்வினா அளிக்கும்.