ஆஸ்பத்திரிக் காட்சியை வெட்டிவிடுங்கள்

அன்புள்ள இளம் இயக்குநருக்கு,

முதல் மியூசிக் வீடியோவுக்கே துக்கத்தைக் கருவாக எடுத்திருக்கிறீர்கள். இப்படிப்பட்ட ஸ்கிரிப்ட்டுகளில் காதல், விபத்து, ஆஸ்பத்திரி, மாலை போட்ட போட்டோ, மழையில் அழும் நாயகன் என எல்லாம் நான்கு நிமிடத்துக்குள் வந்துவிடுகின்றன. விபத்தையும் ஆஸ்பத்திரியையும் எடுத்துவிட்டால் கதை இன்னும் நன்றாக நிற்கும் என்பது என் கட்சி. இறந்த கதை வேறு, இழந்த கதை வேறு. முன்னதற்குச் சம்பவம் வேண்டும். அரை நிமிடத்தில் சொன்னால் அது செய்தித் துணுக்காகிவிடும். பின்னதற்கு மிஞ்சியிருக்கும் ஆளும் வீடும் சாமான்களும் போதும்.

2003இல் வெளியான ஜானி கேஷின் ‘ஹர்ட்’ வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு அவருடையதல்ல, நைன் இன்ச் நெயில்ஸின் டிரென்ட் ரெஸ்னர் எழுதி 1994இல் வெளியிட்டது. வரிகளில் யாருடைய சாவும் இல்லை. நோயில் தளர்ந்திருந்த கேஷை இயக்குநர் மார்க் ரோமானெக் டென்னசியில் அவர் வீட்டிலேயே உட்காரவைத்துப் பாடவைத்தார். நெடுநாள் மூடிக்கிடந்து சீரழிந்திருந்த கேஷ் அருங்காட்சியகத்தைத் துடைத்து மெழுகாமல் அப்படியே படமெடுத்தார். நடுநடுவே இளம் கேஷின் பழைய படத்துண்டுகள். மாடிப்படியில் நின்று கணவரைப் பார்க்கும் மனைவி ஜூன். அவ்வளவுதான் கதை. அதே ஆண்டு மே மாதம் ஜூனும் செப்டம்பரில் கேஷும் காலமானார்கள் என்பது நமக்குத் தெரிந்திருப்பதால் இன்று அது கூடுதலாகக் கனக்கிறது, உண்மை. ஆனால் அந்த வீடியோவின் பலம் வெட்டில் இருக்கிறது. துள்ளும் இளைஞனிலிருந்து நடுங்கும் கைக்குத் தாவும்போது இடையில் போன ஆண்டுகளை எந்த ஷாட்டும் காட்டுவதில்லை. பார்ப்பவர் தாமே நிரப்பிக்கொள்கிறார். அந்தப் பாட்டு இனி தன்னுடையதல்ல என்று ரெஸ்னரே சொன்னார். வரி ஒன்றும் பெரிதாக மாறவில்லை. குரலும் படமும் மாறின.

கேஷ் ஊரறிந்தவர், என் நாயகனை யாருக்குத் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1990இல் சினேட் ஓ’கானர் பாடிய ‘நத்திங் கம்பேர்ஸ் டு யூ’ பெரும்பாலும் ஒரே க்ளோஸப். பிரின்ஸ் எழுதிய அந்தப் பாட்டு காதல் முறிவைப் பற்றியது. வீடியோவில் சினேட் விட்ட கண்ணீரோ, கார் விபத்தில் இறந்துபோன தன் தாயை நினைத்து. பார்த்தவர்களில் பலருக்கு அது தெரியாது. கண்ணீர் அதனால் பொய்த்துவிடவில்லை. வாழ்க்கை வரலாறு தெரியாத குறையை நேரம் ஈடுகட்டியது: இயக்குநர் ஜான் மேபரி அந்த முகத்தை விட்டு அவசரமாக விலகவில்லை. ஆர்.ஈ.எம். குழுவின் ‘எவ்ரிபடி ஹர்ட்ஸ்’ வீடியோவில் போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டவர்கள் ஒவ்வொருவரின் நினைப்பும் துணையெழுத்தாக ஓடுகிறது. யார் அவர்கள், யாரை இழந்தார்கள், ஒரு தகவலும் கிடையாது.

இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் அடக்கம், நம் துக்கம் மாரடித்து அழுவது என்று இன்னொரு வாதம் வரும். அழுகையைக் குறைக்கச் சொல்லவில்லை, தாராளமாக அழட்டும். ஒப்பாரியைக் கவனித்துக் கேளுங்கள். எப்படிச் செத்தான் என்பதைவிட, அவன் இருந்தபோது எப்படி, இனி எனக்கு யார் என்பதில்தான் அதன் வேகம் இருக்கிறது. போனவனையே கூப்பிட்டுப் பேசுகிறது. புறநானூற்றில் பாரி மகளிர் பாடிய 112ஆம் பாட்டு ஐந்தே அடி. போன மாத நிலவு ஒன்று, இந்த மாத நிலவு ஒன்று. நடுவில் நடந்த தந்தையின் சாவு காட்சியாகவே வரவில்லை. ரோமானெக்கின் வெட்டு நமக்குப் பழைய சரக்கு.

விலக்கு ஒன்று உண்டு. ஆணவக் கொலை, காவல் நிலைய மரணம் போன்றவற்றில் சாவு நேர்ந்த விதமே பாட்டின் குற்றச்சாட்டு. அங்கே சம்பவத்தை மறைத்தால் குற்றவாளிக்குச் சாதகம் செய்ததாகும். உங்கள் கதை அப்படிப்பட்டதல்ல. மனைவியை நோய்க்குப் பறிகொடுத்தவனின் கதை. தயாரிப்பாளர், ‘யார் செத்தது என்று புரியாதே’ என்பார். இரண்டு பேர் சாப்பிட்ட மேசையில் ஒருவன் சாப்பிட்டால் புரிந்துவிடும். பல்லவியில் தனிமை என்று வரும் இடத்தில் தனிமையையே காட்டாதீர்கள். அங்கே அவன் காஸ் சிலிண்டர் பதிவு செய்துகொண்டிருக்கட்டும், ரசீது மனைவி பெயரில் வரட்டும். ஆஸ்பத்திரி செட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் அந்த வீட்டை இன்னொரு நாள் வாடகைக்கு எடுங்கள். நடிகர் அந்தச் சமையலறையில் எது எங்கே இருக்கிறது என்று பழகிக்கொள்ள ஒரு முழு நாள் வேண்டும்.

அன்புடன்,
ஒரு பார்வையாளர்