பிரேக் பேட்: எதில் செலவு செய்வது, எதில் மிச்சம் பிடிப்பது?

கிள்ளானிலிருந்து ஃபெடரல் நெடுஞ்சாலை வழியாகத் தினமும் பிரிக்ஃபீல்ட்ஸுக்கோ கோலாலம்பூர் நகருக்கோ வேலைக்குப் போய்வரும் காரில் பிரேக்குக்கு ஓய்வே இல்லை. நகர்வதும் நிற்பதுமாகவே பாதிப் பயணம் கழிகிறது. விடுமுறையில் கெந்திங் மலை ஏறி இறங்கினால் பேட் இன்னும் தேயும். அதனால் பேட்டை வீட்டிலேயே மாற்றலாமா, அதற்கு என்ன சாமான் வேண்டும் என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள்.

முன்சக்கர டிஸ்க் பேட்டைப் பொறுமையுள்ள எவரும் மாற்றக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் பலர் நூற்றுக்கு மேற்பட்ட துண்டுகள் கொண்ட சாக்கெட் பெட்டியை வாங்கிவிட்டு, காரைத் தாங்கச் செங்கல்லை அடுக்குகிறார்கள். என் ஆலோசனை இதுதான்: காரைத் தாங்கும் சாமானிலும் இறுக்கத்தை அளக்கும் சாமானிலும் தாராளமாகச் செலவு செய்யுங்கள். சிக்கனத்தை மற்றவற்றில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் முறையிலேயே பணம் மிச்சமாகும் என்று எண்ண வேண்டாம். நம் ஊர்ப் பட்டறைகளில் பேட் மாற்றும் கூலி அப்படியொன்றும் அதிகமில்லை. சாமான்களின் விலை பல முறை மாற்றிய பிறகே ஈடாகும். அண்ணன் தம்பிகளோ பக்கத்து வீட்டாரோ சேர்ந்து வாங்கினால் சீக்கிரம் ஈடாகும்.

முதலில் காரைப் பாருங்கள்

மைவி, ஆக்ஸியா, பெஸ்ஸா, சாகா போன்ற கார்களில் பெரும்பாலும் முன்பக்கம் டிஸ்க், பின்பக்கம் டிரம். இந்தக் கட்டுரை முன்பக்க டிஸ்க்குக்கானது. டிரம்மில் இருப்பது ஷூ. அதன் ஸ்பிரிங்குகளைக் கழற்ற வேறு சாமான், வேறு பழக்கம் வேண்டும்.

நான்கு சக்கரத்திலும் டிஸ்க் இருந்தால், பின்பக்கத்தைத் தொடும் முன் ஹேண்ட்பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். புரோட்டோன் எக்ஸ்50, எக்ஸ்70 போன்றவற்றில் பொத்தானை அழுத்தினால் மோட்டார் பிரேக்கைப் பிடிக்கிறது. அந்தக் காலிப்பரை ஸ்கேன் கருவியால் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுவராமல் பலமாகத் தள்ளினால் மோட்டாரும் பற்சக்கரமும் கெட்டுவிடும். கருவி இல்லாதவர்கள் பின்பக்கத்தைப் பட்டறைக்கு விட்டுவிடுவதே நல்லது.

சக்கர நட்டின் அளவு 19 மில்லிமீட்டரா 21 மில்லிமீட்டரா என்பதை உங்கள் கார் பூட்டில் இருக்கும் ரென்ச்சே சொல்லிவிடும். காலிப்பர் போல்ட் பெரும்பாலும் 12 அல்லது 14. இவற்றைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போனால் பெரிய பெட்டி தேவைப்படாது.

தூக்குவது வேறு, தாங்குவது வேறு

பூட்டில் வரும் கத்தரி ஜேக் நடுவழியில் டயர் மாற்ற மட்டுமே. பேட் மாற்ற 2 டன் டிரோலி ஜேக் ஒன்றும், ஜேக் ஸ்டாண்ட் ஒரு ஜோடியும் வாங்குங்கள். ஒரு மைவியின் எடை சுமார் 1 டன்தான் என்றாலும் தாங்கும் சாமானில் தாராளம் தேவை. ஜேக் தூக்குவதற்கு, ஸ்டாண்ட் தாங்குவதற்கு. ஜேக்கின் எண்ணெய் சீல் எப்போது விட்டுக்கொடுக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஜேக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கையை நீட்டாதீர்கள்.

ஸ்டாண்ட் வாங்கும்போது மூன்றைக் கவனியுங்கள். எழுதியிருக்கும் டன் கணக்கு ஒரு ஸ்டாண்டுக்கா, ஜோடிக்கா? பற்கள் ஆழமாகப் பிடிக்கின்றனவா? பற்களோடு கூடுதலாகக் குறுக்கே செருகும் பின் உண்டா? பெயர்பெற்ற கடையில் வாங்கினாலும் இந்தச் சோதனையை விடாதீர்கள். 2020-இல் அமெரிக்காவில் ஹார்பர் ஃப்ரைட் நிறுவனம் தான் விற்ற 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளை லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது. பற்கள் சரியாகப் பிடிக்காமல் கார் இறங்கிவிடலாம் என்பதே காரணம். மாற்றாகக் கொடுத்தவற்றில் சிலவற்றிலும் வெல்டிங் குறை இருந்து, அவற்றையும் திரும்பப் பெற நேர்ந்தது.

இடமும் முக்கியம். தரை வீட்டு போர்ச்சுகள் பெரும்பாலும் மழைநீர் வடியச் சாய்ந்திருக்கும், வழுக்கும் டைல்ஸும் பதித்திருக்கும். சமமான பகுதியைத் தேர்ந்து, ஸ்டாண்டின் கீழ் கனமான பிளைவுட் துண்டை வையுங்கள். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். கழற்றிய டயரைக் காரின் ஓரத்தில் அடியில் தள்ளி வைப்பது செலவில்லாத கூடுதல் காவல். கொண்டோவில் இருப்பவர்கள் நிர்வாகத்தின் அனுமதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிற்பகல் மழைக்கு முன் முடிய, வேலையைக் காலையிலேயே தொடங்குங்கள்.

இறுக்கத்தைக் கையால் கணிக்காதீர்கள்

சாக்கெட் வாங்கும்போது ஆறு மூலை உள்ளதைக் கேளுங்கள். பன்னிரண்டு மூலை சாக்கெட், துருப்பிடித்த போல்ட்டின் தலையை எளிதில் உருட்டிவிடும். நட்டைத் தளர்த்த நீண்ட கைப்பிடி ஒன்று போதும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டை அரைச்சுற்று தளர்த்திவிட்டுப் பிறகு தூக்குங்கள்.

இறுக்குவதற்கு டார்க் ரென்ச் கட்டாயம். சிறிய கார்களின் சக்கர நட்டுக்குச் சுமார் 100 முதல் 110 நியூட்டன் மீட்டர் தேவைப்படும். காலிப்பர் போல்ட்டுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கோ, அதற்கும் குறைவாகவோ போதும். துல்லியமான எண்ணை உங்கள் காரின் சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள். பெரிய ரென்ச் தன் அளவுகோலின் அடிப்பகுதியில் சரியாகக் காட்டாது. அதனால் சக்கரத்துக்கு அரை அங்குலத் தலையுள்ளது ஒன்று, காலிப்பருக்கு 3/8 அங்குலத் தலையுள்ள சிறியது ஒன்று என இரண்டு இருப்பது நல்லது. டார்க் ரென்ச்சைக்கொண்டு நட்டைத் தளர்த்தாதீர்கள். வேலை முடிந்ததும் குறைந்த அளவுக்குத் திருப்பி வையுங்கள். பேட்டரி இம்பேக்ட் ரென்ச் இருந்தால் கழற்ற மட்டும் பயன்படுத்துங்கள்.

சிக்கனம் பிடிக்கக்கூடிய இடங்கள்

முன்சக்கர பிஸ்டனை உள்ளே தள்ள விலையுயர்ந்த கருவி வேண்டாம். பழைய பேட்டைப் பிஸ்டன்மேல் வைத்து, தச்சர்கள் வைத்திருக்கும் ஜி கிளாம்ப்பால் மெதுவாக அழுத்தினால் போதும். தள்ளும்போது பிரேக் எண்ணெய்த் தொட்டியில் மட்டம் உயரும். மூடியைத் திறந்து ஒரு கண் வைத்திருங்கள். வழிந்தால் அந்த எண்ணெய் பெயின்டை அரித்துவிடும். சில பின்பக்கக் காலிப்பர்களில் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். அதற்கென்று திருகும் கருவி தனியாக விற்கிறது.

கம்பித் தூரிகை, கையுறை, முகக்கவசம், கண்ணாடி, தலையில் மாட்டும் விளக்கு ஆகியவற்றை மலிவாகவே வாங்கலாம். கழற்றிய காலிப்பரைத் தொங்கவிட வளைத்த கம்பி ஒன்று வேண்டும். பிரேக் ஹோஸிலேயே அதைத் தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளே கிழியலாம். பிரேக் தூசியை ஊதாதீர்கள். பிரேக் கிளீனர் அடித்து ஈரமாகத் துடையுங்கள்.

கிரீஸில் மட்டும் கறாராக இருங்கள். காலிப்பர் பின்னுக்கு, சூடு தாங்கும் சிலிகோன் பிரேக் கிரீஸ்தான் ஏற்றது. சாதாரண மஞ்சள் கிரீஸ் ரப்பரை ஊதச் செய்து பின்னைச் சிக்க வைக்கும். பேட்டின் உராயும் முகத்திலும் டிஸ்க்கிலும் எந்த எண்ணெயும் படக்கூடாது.

எங்கே வாங்குவது?

கைச்சாமான்களுக்கு கோலாலம்பூர் ஜாலான் பசாரும், நம் வட்டார இரும்புக் கடைகளும் போதும். ஸ்டாண்டையும் டார்க் ரென்ச்சையும் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். இணையப் படத்தில் வெல்டிங்கின் தரம் தெரியாது. பேட்டை, காரின் சேசிஸ் எண்ணைக் காட்டிப் பழகிய உதிரிபாகக் கடையில் வாங்கி, ரசீதைக் கேட்டு வாங்குங்கள். மாற்று பேட்டுகளுக்கான ஐ.நா. விதி எண் 90. அதன்படி அங்கீகாரம் பெற்றவற்றில், வட்டத்துக்குள் பெரிய ஆங்கில ‘E’ எழுத்தும் ஒரு நாட்டு எண்ணும் பக்கத்தில் 90 என்று தொடங்கும் குறியும் இருக்கும்.

ஒரே அச்சில் இடம், வலம் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்றுங்கள். ஆனால் ஒவ்வொரு பக்கமாகக் கழற்றுங்கள். ஒருபக்கம் குழம்பினால் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

எப்போது நிறுத்த வேண்டும்?

டிஸ்க்கில் அதன் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். வெர்னியரால் அளந்து பாருங்கள். அதற்குக் கீழ் இருந்தால் புது பேட் போட்டுப் பயனில்லை. எண்ணெய் கசிந்தாலோ, பிஸ்டன் நகர மறுத்தாலோ, பெடல் பஞ்சுபோல் அமுங்கினாலோ அங்கேயே நிறுத்திப் போமனை அழையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் காரை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். இதை மறந்தால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது. எண்ணெய் மட்டத்தையும் பாருங்கள். பிறகு நடமாட்டம் குறைந்த சாலையில் மிதமான வேகத்தில் சில முறை பிரேக் பிடித்துப் பேட்டைப் பழக்குங்கள். மறுநாள் சக்கர நட்டை மறுபடி டார்க் ரென்ச்சால் சரிபாருங்கள். மனம் நிறைவடையாவிட்டால் புஸ்பாகோமில் விருப்பப் பரிசோதனைக்குக் கொடுத்து பிரேக்கைச் சோதிக்கலாம்.

இந்த மாதச் சம்பளத்தில் எல்லாவற்றையும் வாங்க முடியாதென்றால், முதலில் நல்ல ஸ்டாண்ட் ஒரு ஜோடி வாங்குங்கள், அடுத்து டார்க் ரென்ச். இரண்டும் கைக்கு வரும்வரை பேட் மாற்றும் வேலை பட்டறையிலேயே நடக்கட்டும். பக்கத்தில் நின்று, போமன் செய்வதை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.