இரைச்சலோடு பாட்டுக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு

காதுக்குள் ஓயாத ரீங்காரம் ஒன்று புதிதாகப் பிடித்துக்கொண்டு, ‘இனி நிம்மதியாக ஒரு பாட்டுக் கேட்க முடியுமா?’ என்று கலங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிலருக்கு அது சில்வண்டு, சிலருக்குக் குக்கர் விசில், சிலருக்கு ‘ங்கொய்’ என்று ஒரே சுருதி. எனக்கு இரண்டு காதிலும் மெல்லிய விசில், இடது காதில் சற்றுக் கூடுதல். வந்து வருஷம் பலவாகிறது. பாட்டை நான் விடவில்லை. நீங்களும் விட வேண்டியதில்லை.

1. முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். ஆடியோகிராம் எடுத்துக்கொள்ளுங்கள். அடைத்துக்கொண்ட குறும்பிகூட இரைச்சல் தரும், எடுத்ததும் போய்விடலாம். சாப்பிடும் மருந்துகளின் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். அதிக அளவு ஆஸ்பிரின், ஜென்டாமைசின் ஊசி, புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டின் போன்றவை காதைத் தொடக்கூடியவை. ஆனால் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித் துடிப்போடு சேர்ந்து அடிக்கும் சத்தம், திடீரென்று காது கேளாமல் போவது ஆகிய மூன்றுக்கும் டாக்டரிடம் போகத் தாமதிக்கவே கூடாது. கடைசியாகச் சொன்னது அவசர சிகிச்சைக்குரியது. ஸ்டீராய்டு மருந்தை முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலனுக்கு வாய்ப்பு அதிகம்.

2. அந்தச் சத்தம் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள், பாதி பயம் போய்விடும். உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட குழலுக்குள் நுண்ணிய மயிர்ச்செல்கள் இருக்கின்றன. வயதாலும் பெருஞ்சத்தத்தாலும் அவை அழிகின்றன; மனிதக் காதில் அவை மறுபடி முளைப்பதில்லை. பெரும்பாலும் உச்ச ஸ்தாயிப் பக்கம்தான் முதலில் அடிபடும். தூரத்து நிலையம் சரியாகக் கிடைக்காதபோது ரேடியோவின் வால்யூமைத் திருகுகிறோம், நிலையத்தோடு இரைச்சலும் கூடுகிறது. காதிலிருந்து வரும் செய்தி குறைந்ததும் மூளையும் அப்படித்தான் செய்கிறது என்பது ஆய்வாளர் பலர் ஏற்கும் விளக்கம்.

செக் இசையமைப்பாளர் பெட்ரிக் ஸ்மெத்தனா 1874-இல் முழுச் செவிடானார். 1876-இல் அவர் எழுதிய முதல் நால்வர் தந்தி இசையின் கடைசிப் பகுதியில், உற்சாகமாகப் போய்க்கொண்டிருக்கும் இசை சட்டென்று நின்று, வயலின் ஒன்று மிக உச்சத்தில் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து நிற்கும். தன் காதில் கேட்ட சத்தம் அது என்று அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய புகழ்பெற்ற ‘என் தாய்நாடு’ தொகுப்பின் பெரும்பகுதியும் செவி போன பிறகு எழுதியதுதான்.

3. நான் சொல்வதில் ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: இரைச்சலை அமுக்குவதற்காக வால்யூமைக் கூட்டாதீர்கள். புதிதாக வந்தவர்கள் எல்லோரும் செய்வது அதைத்தான். பாட்டு ஓடும்வரை நன்றாக இருக்கும், நிறுத்தியதும் விசில் முன்னைவிடப் பலமாகக் கேட்கும், மிச்சமிருக்கும் மயிர்ச்செல்களும் சேதப்படும். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது தொழிற்சாலைகளுக்கு வகுத்த வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88-க்கு நான்கு மணி, 94-க்கு ஒரு மணி, 100-க்குப் பதினைந்தே நிமிஷம்.

வேறு வழி இருக்கிறது. வீணையோ புல்லாங்குழலோ ஒரு ஆலாபனையைப் போட்டு, வால்யூமைப் பூஜ்யத்தில் வையுங்கள். குமிழை மெல்லத் திருகுங்கள். முதலில் விசில் மட்டும் இருக்கும். அப்புறம் விசிலுக்கு அடியில் வீணை தெரியும். இன்னும் கொஞ்சம் திருகினால் இரண்டும் ஏறக்குறைய சமமாக வரும் ஓர் இடம் உண்டு. அதற்கு ஒரு நூல் கீழே கையை எடுத்துவிடுங்கள். காது இரைச்சலுக்குப் பழக்கச் சிகிச்சையை வகுத்த பாவெல் ஜாஸ்ட்ரெபாப், பின்னணிச் சத்தத்துக்குச் சொன்ன அளவும் இதுதான்: இரைச்சல் மறையக் கூடாது, கூடவே கேட்க வேண்டும். மறைந்துவிட்டால் மூளை அதற்குப் பழக வழியில்லை. முதல் சில நிமிஷங்கள் எரிச்சலாக இருக்கும். பிறகு வாசிப்பவர் ஒரு பிடியைப் பிடித்து மேலே போகும்போது மனசு அவர் பின்னாலேயே போய்விடும். விசில் அங்கேயே இருக்கும், நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள்.

4. உங்கள் இரைச்சல் எந்த ஸ்வரம் என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். பாட்டு கற்றவர்களுக்கு இந்த ஆசை கட்டாயம் வரும். கவனிக்கக் கவனிக்க அது வளரும். சுருதிப் பெட்டியின் ஷட்ஜத்தோடு அது உரசினால் பெட்டியை அரைக் கட்டை மாற்றி வையுங்கள், அவ்வளவு போதும். இரண்டு காதிலும் ஒரே ஸ்வரம் வெவ்வேறாகக் கேட்பதும் சிலருக்கு உண்டு. பாடகர் சுருதி விலகினார் என்று முடிவுகட்டும் முன் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

5. வால்யூமைக் குறைக்க எளிய வழி, பக்கத்தில் உட்காருவது. திறந்த வெளியில் ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் 6 டெசிபல் கூடுதலாகக் கிடைக்கும்; அறைக்குள் அதைவிடக் குறைவுதான், ஆனாலும் வித்தியாசம் தெரியும். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் கீச்சொலியைத் திருப்பி அடிக்கும். ஒரு ஜமக்காளம் விரியுங்கள், ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். ஃபேன் சத்தத்தோடு போட்டிபோட்டுத்தான் நம் வீடுகளில் வால்யூம் ஏறுகிறது. ஃபேன் தேவைப்படாத அதிகாலையில் கேட்டுப் பாருங்கள்.

6. மெல்ல வைத்தால் பாட்டு சோகையாகிவிடுகிறது என்பார்கள். உண்மைதான். சத்தம் குறையும்போது நம் காது கீழ் ஸ்தாயியைத்தான் முதலில் கைவிடுகிறது. பிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-இலேயே இதை அளந்து காட்டினார்கள். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் ‘லவுட்னஸ்’ என்றொரு பொத்தான் இருந்தது இதற்காகத்தான். உங்களிடம் அது இல்லையென்றால் பேஸைக் கொஞ்சம் கூட்டுங்கள். மிருதங்கத்தின் தொப்பி திரும்ப வந்துவிடும்.

7. எதைக் கேட்பது? தொடக்கத்தில் தாழ்ந்த குரலும் நிதானமான நடையும் உள்ளவற்றை எடுங்கள். என் முதல் சிபாரிசு எம்.டி.ராமநாதன். அந்தக் கனத்த குரலும், அவசரமே இல்லாத விளம்ப காலமும், இரண்டு சங்கதிக்கு நடுவே அவர் விடும் இடமும் நம்மைப் போன்றவர்களுக்காகவே அமைந்தவை என்று தோன்றும். அவருடைய சஹானாவைக் கேட்டுவிட்டு எனக்கு எழுத வேண்டாம், மறுபடியும் கேளுங்கள். அந்த இடைவெளிகளில் விசில் தலைகாட்டாதா என்றால், பின்னால் தம்புரா ஓடிக்கொண்டிருக்கிறது. ஜீவா நூல் சரியாக வைத்த தம்புராவின் நாதம் பஞ்சம, ஷட்ஜத்தோடு நிற்பதில்லை. அடுக்கடுக்காக மேலே விரிந்து காதை நிரப்பும்.

பழைய இசைத்தட்டுப் பாடல்களுக்கும் ஒரு சலுகை உண்டு. 78 சுழற்சித் தட்டுகளில் மிக உயர்ந்த ஒலிகள் அநேகமாகப் பதிவாகவே இல்லை. உச்ச ஒலி கேளாத காதுக்கு அங்கே இழப்பு மிகக் குறைவு. ஜால்ரா, ஜலதரங்கம், கூரான ‘ஸ்’ ஒலியுள்ள புதுப் பதிவுகள் காதைக் குத்தினால் கொஞ்ச காலம் தள்ளி வையுங்கள். ஒரேயடியாக விலக்க வேண்டாம். சத்தங்களை விட்டு ஓட ஓடக் காது இன்னும் கூசும்.

8. ஹெட்போன் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பஸ்ஸிலும் ரயிலிலும் கேட்காதீர்கள், வெளிச்சத்தத்தை ஜெயிக்க வால்யூம் ஏறும். வீட்டில், சுற்றுச் சத்தம் கொஞ்சம் உள்ளே வரும் திறந்த வகை நல்லது. ஒரு காது மந்தமாக இருப்பவர்கள் செல்போன் அமைப்புகளில் ‘மோனோ’ என்பதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டீரியோவில் ஒரு பக்கமாக ஒதுங்கிய வயலின் இரண்டு காதுக்கும் வரும்.

9. ஆடியாலஜிஸ்ட் காது மிஷின் வைத்துக்கொள்ளச் சொன்னால் வெட்கப்படாதீர்கள். இழந்த ஒலிகள் திரும்பும்போது பலருக்கு இரைச்சலும் அடங்குகிறது. ஆனால் மிஷின் பேச்சுக்காகச் செய்தது. நீண்டு நிற்கும் குழலோசையைத் தன் சொந்தக் கீச்சு என்று எண்ணி வெட்டப் பார்க்கும், குழல் நடுங்கும். இசைக்கென்று தனி அமைப்பு ஒன்று வைத்துத் தரச் சொல்லுங்கள். கேட்டால்தான் செய்வார்கள்.

10. ராத்திரிதான் கஷ்டம். ஊர் அடங்கியதும் விசில் மட்டும் மிஞ்சும். அமெரிக்காவின் போர்ட்லண்டில் சார்லஸ் யூனிஸ் என்ற மருத்துவர், நகரத்து நீரூற்று ஒன்றின் பக்கத்தில் நின்றபோது தன் இரைச்சல் கேட்கவில்லை என்று ஜாக் வெர்னன் என்ற விஞ்ஞானியிடம் சொன்னார். 1970-களில் வெர்னன் உருவாக்கிய ஒலிக்கருவிகளுக்கு அதுவே தூண்டுதல். மழைச் சத்தமோ தம்புராவோ மெலிதாக ஓடட்டும். தெரிந்த பாட்டைப் போடாதீர்கள், மனசு கூடவே பாடும், தூக்கம் வராது.

11. இரைச்சலைப் போக்கும் என்று அங்கீகாரம் பெற்ற மாத்திரை இன்றுவரை இல்லை. ஜிங்கோ என்ற மூலிகை மருந்து வேண்டாம் என்று அமெரிக்கக் காது மருத்துவர் சங்கத்தின் 2014 வழிகாட்டியே சொல்கிறது. மனசு ரொம்பவும் உடைந்துபோனால் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற மனநலப் பயிற்சிக்குப் போங்கள்; வேதனையைக் குறைப்பதில் அதற்குத்தான் நல்ல ஆதாரம் இருக்கிறது. ஹை ரெசல்யூஷன் கருவிகளுக்கும் பணத்தைக் கொட்ட வேண்டாம். சாதாரண சிடியே 20,000 ஹெர்ட்ஸ் வரை தரும். அறுபது வயதுக் காதுக்கு அவ்வளவு உயரம் எட்டுவதே அரிது.

12. தூக்கம் கெட்ட நாளிலும் கவலை உள்ள நாளிலும் விசில் ஓங்கும். அன்று பாட்டுப் பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். நாளைக்குக் கேட்கலாம்.

13. கடைசியாக, வீட்டில் இளையவர்கள் இருந்தால் அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு, பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75. ஹெட்போன் மாட்டியிருக்கும் உங்கள் பேரப்பிள்ளைக்கு இன்றைக்கே இதைச் சொல்லுங்கள்.